வட்டக் களத்திலிருந்து தெரியும் யன்னல்

மார்ச் 11, புதன்

மொன்றியலில் உறைபனி மழை. படியில் உப்புக் கொட்டியும் வழுக்கல். நான் வேலை செய்யும் கார்டெரிக்கு, பிள்ளைகள் காப்பகத்துக்கு, பாதிப் பிள்ளைகள்தான் வந்தார்கள். நான் சமைத்த பருப்புச் சூப்பு பானை நிறைய மிஞ்சியது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன், இரவு அதுவே சாப்பாடு.

மார்த்தீன் ஸ்பெயினில் உள்ள தன் ஊரின் படம் வரைந்து மகள் ஆரணியிடம் கொடுத்துவிட்டிருக்கிறார். மருமகனாக வரப்போகிறவர். நல்ல பிள்ளை, கோடுதான் கோணல். ஊரின் பெயர் நீளம், ஸ்பானிய வாய்க்குத்தான் சரி. இனி இதில் வ. என்றே எழுதுவேன்.

வ.வில் இருப்பவை:
— ஆறு. கோடையில் ஆறு என்பதற்கு அடையாளமாகக் கல்லு மட்டும். கரையில் நெடுநெடு மரங்கள்.
— பாலம். பஸ் அதுவரைக்கும்தான் வரும். அதுவும் சந்தை நாளில் மட்டும்.
— பாலத்திலிருந்து ஏறும் ஒரே தெரு.
— நடுவில் தேவாலயம், முன்னால் சதுக்கம், தண்ணீர் ஊற்று.
— பூட்டிய பள்ளிக்கூடம். பிள்ளைகள் இல்லை. ஊரில் நாற்பது பேர்கூட இல்லை.
— சுற்றிவரப் படிபடியாக வாதுமைத் தோட்டம், பாதி காடு பற்றியது.
— தெரு முடிவில், மற்ற வீடுகளைவிட்டுத் தள்ளி, கடைசி வீடு. மேல்மாடி.

அந்த மேல்மாடியில் எமிலியோ, மார்த்தீனின் தகப்பன். எனக்குச் சம்மந்தி. நுரையீரல் வருத்தம். கட்டிலும் ஒட்சிசன் போத்தலும். படி இறக்கக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பு. மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகன். இங்கே வரமாட்டார் என்பதால்தான் கலியாணம் அங்கே. வைகாசிக் கடைசியில். ஐயரும் எங்களோடு வரச் சம்மதம்.

ஓமம் வளர்க்கும் நெருப்பை ஒட்சிசன் போத்தல் பக்கத்தில் வைக்க முடியாது. ஆகவே அந்த வீட்டுக்குள் கலியாணம் இல்லை. வெளியில் என்றால் அவர் எப்படிப் பார்ப்பது?

தாலி கட்டுவதை அந்த மனிதர் கட்டிலில் இருந்தபடி, தன் யன்னலால், தன் கண்ணால் பார்க்க வேண்டும். என் வேலை இதுதான். பலகாரம், சாறி, மாலை எல்லாம் பிறகு.

மார்ச் 13, வெள்ளி

கேர்க்லாண்டிலிருந்து மச்சாள் போன். இவரின், என் வீட்டுக்காரரின், அக்கா. நலம் விசாரிக்க எடுப்பவர் அல்ல.

“அங்கை போய்க் காட்டுக்கை கலியாணமோ? இங்கை மண்டபம் இல்லையோ? நீர் என்ன யோசிக்கிறீர்?”

“மச்சாள், அந்த மனிசனுக்குக் கட்டில விட்டு எழும்ப ஏலா.”

“போனிலை காட்டலாம்தானே. இப்ப எல்லாரும் அப்பிடித்தான்.”

பக்கத்துக் காணியில் நடக்கும் மகனின் கலியாணத்தைத் தகப்பன் போனில் பார்ப்பதா? சொல்லவில்லை. சொன்னால் ஒரு மணித்தியாலம் போய்விடும். கடைசியில் மச்சாளே வழி காட்டினார்: “எங்கை எண்டாலும் மாப்பிள்ளை பொம்பிளை கிழக்குப் பாத்து இருக்கவேணும். அது இல்லாட்டி நான் வரமாட்டன். சொல்லிப்போட்டன்.”

சரி. கிழக்கு. குறித்துக்கொண்டேன்.

பால், உளுந்து முடிகிறது. இவருக்குக் குளிசை எடுக்க வேண்டும்.

மார்ச் 15, ஞாயிறு

ஆரணியும் மார்த்தீனும் அஹுன்ட்சிக்கிலிருந்து சாப்பிட வந்தார்கள். கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, சோறு. மார்த்தீன் இரண்டாம் முறை கேட்டுப் போட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிய மேசையைத் துடைத்து வ.வை அதில் கட்டினேன். தூள் பேணிகள் வீடுகள். மிளகாய்த்தூள் பேணி தேவாலயம், உயரமானது என்பதால். துவாயை மடித்து மலை. இவருடைய இடுப்புப் பட்டி ஆறு. இவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீ என்ன, அங்கை காணி அளக்கப் போறியோ?”

டாக்சி ஓடுகிறவருக்கு வழி மட்டும் போதும். எனக்கு இடம் வேண்டும்.

ஒவ்வொரு இடமாகப் பார்த்தோம். சதுக்கம்: தேவாலயச் சுவர் மறைக்கும். ஆற்றங்கரை: பள்ளம், யன்னலிலிருந்து மரத்தலை மட்டும் தெரியும். பள்ளிக்கூட முற்றம்: வீட்டுக்குப் பின்பக்கம். மார்த்தீனிடம் எது வடக்கு என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மேலே, கீழே, ஆற்றுப் பக்கம், இவ்வளவுதான் அந்த ஊரில் திசை.

பிறகு எமிலியோ வீட்டுக்கு அப்பால் ஒரு வட்டம் வரைந்திருந்ததைக் காட்டி இது என்ன என்றேன். ஒன்றுமில்லை என்றார். பிறகு, கல் பதித்த வட்டம், முந்தி அதில் கோதுமைக் கதிரைப் போட்டு மிருகங்களை விட்டு மிதிப்பித்தார்கள் என்றார்.

களம். நாங்கள் சூடு மிதிக்கிற களம். மட்டக்களப்பில் வயல்காரன் மகளுக்கு ஸ்பெயின்காரன் களம் காட்டி, அதையும் ஒன்றுமில்லை என்கிறார்.

களம் என்றால் எனக்குக் கேட்காமலே சில விசயம் தெரியும். வெளிப்பான இடம். மட்டமான நிலம். பதர் வீட்டுக்குள் பறக்காத பக்கமாகப் பார்த்துத்தான் போட்டிருப்பார்கள். அப்படியானால் ஓமப் புகையும் அந்த வீட்டுக்கு வராது. மார்த்தீனிடம் கேட்டேன். காற்று எப்போதும் தேவாலயப் பக்கமிருந்து வந்து, வீட்டைத் தாண்டிக் களத்துக்குப் போகுமாம்.

“யன்னலில இருந்து களம் தெரியுமா?”

“தெரியும் அம்மா. கூப்பிட்டா கேக்கும்.” அவர் அம்மா என்று கூப்பிடுவது இன்னும் கொஞ்சம் கூச்சம்தான், எனக்கு.

முடிவு. களத்தில் கலியாணம்.

மார்ச் 18, புதன்

மார்த்தீன் பழைய படம் ஒன்று அனுப்பினார். எமிலியோவின் யன்னல், வெளியே நின்று எடுத்தது, ஒரு மாரியில். சுவர் முழுக்கக் காலை வெயில். யன்னலைச் சுற்றிக் காய்ந்த கொடி.

பென்சிலை எடுத்தேன். எங்கள் குசினி யன்னல் தெற்கு. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து காலை வெயில் அதற்குள்ளால்தான் வருகிறது. ஆகவே எமிலியோவின் யன்னலும் தெற்கு. யன்னலுக்கு நேரே களம், ஆகவே களம் வீட்டுக்குத் தெற்கே. மார்த்தீன் வரைந்த ஊர்ப் படத்தில் களத்தின் மேல் ‘தெற்கு’ என்று எழுதினேன். மாப்பிள்ளை பொம்பிளை கிழக்குப் பார்த்து இருந்தால் எமிலியோவுக்கு முகம் பக்கவாட்டில் தெரியும். தாலி கட்டும் கை தெரியும். மச்சாளுக்கும் கிழக்கு.

தலையில் இருந்த மூட்டை இறங்கியது. இன்று கார்டெரியில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிஸ்கட் கூட.

மார்ச் 21, சனி

வெயில். பனி உருகிப் பின் ஒழுங்கை முழுக்கச் சேறு. எங்கள் முந்திரிக் கொடி, அதுதான் திராட்சை, வெளியே தெரிகிறது. முன்பு இந்த வீட்டில் இருந்த இத்தாலிக்காரர் விட்டுப்போனது. இப்போது பார்த்தால் செத்த கயிறு. ஜூனில் வேலி தெரியாது, பக்கத்து வீடு தெரியாது, வானமே தெரியாது.

சேற்றில் நின்றபடியே நினைவு வந்தது. எமிலியோவின் யன்னலைச் சுற்றி இருந்த காய்ந்த கொடி.

மார்த்தீனுக்கு உடனே போன். ஆம், முந்திரிதான். கோடையில் யன்னலை மூடிவிடும், அறை குளிர்ச்சியாக இருக்கும். தாய் ரோசா நட்டது. அப்பா யாரையும் தொட விடமாட்டார். இதைச் சொல்லும்போது அவருடைய குரல் இறங்கியது.

வெட்டவே வேண்டாம். இவர் வருசா வருசம் எங்கள் கொடியைக் கழற்றிப் பழைய சாறிக் கிழிசலால் வேறு பக்கம் இழுத்துக் கட்டுகிறார். துளிர் வருமுன் செய்தால் கொடிக்கு ஒன்றும் ஆகாது. அங்கே வெப்பம் முந்தி வரும். இந்தக் கிழமைக்குள் செய்ய வேண்டும்.

“அப்பாட்ட நான் கேக்க மாட்டன் அம்மா,” என்றார் மார்த்தீன்.

சரி. நான் கேட்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

கேட்டேன்.

எமிலியோ இளவயதில் முந்திரி ஆய பிரான்சுக்குப் போய்வந்தவர். கொஞ்சம் பிரெஞ்சு தெரியும். என்னுடையது கார்டெரிப் பிரெஞ்சு. சப்பாத்தைப் போடு, கையைக் கழுவு, மெதுவாகச் சாப்பிடு. பிள்ளைகளிடம் பழகியதால் எல்லாரும் எனக்கு ‘நீ’தான், மரியாதையாகக் கதைக்க வராது. சம்மந்தியையும் நீ என்றுதான் கூப்பிட்டேன். அவர் சிரித்தார். போனில் முகம் மெலிந்து, மூக்கில் குழாய். சவரம் செய்து சட்டை போட்டிருந்தார், எனக்காக.

களத்தைப் பற்றிச் சொன்னேன். அவருடைய கண் அகன்றது. தான் சிறுவனாக அதில் படுத்து உறங்கியதாகச் சொன்னார். என் தகப்பனும் நெல்லுக்குக் காவலாகக் களத்தில் படுப்பார் என்றேன். வேட்டைக்கு வைத்திருந்த தூரக்கண்ணாடி தன்னிடம் இருக்கிறது, பொத்தான் வரைக்கும் தெரியும் என்றார். நல்லாகப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு கொடி. இலை வரும், உனக்குத் தெரியாது, கழற்று, இரண்டு பக்கமும் கட்டு.

சிரிப்பு நின்றது. “அது ரோசாவின் கொடி,” என்றார். “தெரியும்,” என்றேன். “தெரிந்துதான் கேட்கிறேன். வெட்டச் சொல்லவில்லை.” இருமல் வந்தது, நிற்கவில்லை. யாரோ வந்து போனை வாங்கினார்கள். கட்டாகிவிட்டது.

இவர் குசினி வாசலில் நின்றார். “கொஞ்சம் விட்டுப் பிடிச்சிருக்கலாம்.”

விட்டால் துளிர்த்துவிடும்.

மார்ச் 25, புதன்

ஆரணி வேலை முடிந்து நேரே வந்தாள். கோபம். சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்கினாள்.

“ஏன் அம்மா கேட்டனீங்க? அவர் இப்ப மார்த்தீனோடயும் கதைக்கிறார் இல்ல.”

“உன்ர கலியாணத்த அவர் பாக்கவேணாமா?”

“நீங்க பிளான் போட்டா எல்லாரும் அதுக்குள்ள நிக்கவேணும், என்ன?”

இருக்கலாம். என் தாயும் இதையேதான் எனக்குச் சொன்னா. தேத்தண்ணி ஊற்றி வைத்தேன். குடித்தபடி மேசையில் இருந்த ஊர்ப் படத்தைப் பார்த்தாள். போனை எடுத்தாள். வானிலிருந்து எடுத்த வ.வின் செய்மதிப் படத்தைப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அம்மா, இது பிழை. இந்த யன்னல் கிழக்கு. களமும் வீட்டுக்குக் கிழக்கால.”

“விசர்க் கதை. காலை வெயில் அடிக்குது, பாரு. காலை வெயில் தெற்கால தானே வரும்.”

என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கோபம் எல்லாம் போய், கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அம்மா, உலகத்தில வேற எங்கயும் அப்பிடி இல்ல. மொன்றியல்ல மட்டும்தான். இங்க ரோட்டுப் பலகையில இருக்கிற வடக்கு உண்மையான வடக்கு இல்ல. ஆறு போற போக்குக்குத் திசைய வச்சிருக்காங்க.”

போனில் திசைகாட்டியை எடுத்துக் காட்டினாள். எங்கள் குசினி தெற்கு இல்லை, தென்கிழக்கு. எங்கள் தெருப் பெயரோடு ‘எஸ்த்’ என்று எழுதியிருக்கும் பக்கம் கிழக்கு இல்லை, வடக்குக்குக் கிட்ட. மட்டக்களப்பில் கடலுக்குள்ளால் சூரியன் எழும்புவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இங்கே வந்து பலகையை நம்பிவிட்டேன். சாமித் தட்டையும் பலகை பார்த்துத்தான் வைத்தேன்.

இவர் வந்ததும் கேட்டேன், இவ்வளவு காலம் டாக்சி ஓடுகிறீர்கள், தெரியாதா என்று.

“தெரியும். நீ கேக்கேல்லையே.”

பிறகு சாமித் தட்டைப் பார்த்து, “அப்ப இவர் இவ்வளவு நாளும் எங்கை பாத்துக்கொண்டு இருந்தவர்?” என்றார். ஆரணி திரும்பவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

களம் வீட்டுக்குக் கிழக்கே. அங்கே மணவறையில் கிழக்குப் பார்த்து இருந்தால் யன்னலுக்கு முதுகு. ஒரே மகனின் கலியாணம், தகப்பன் பார்க்கப்போவது இரண்டு முதுகு.

மார்ச் 27, வெள்ளி

எமிலியோவிடமிருந்து ஒன்றும் இல்லை. கார்டெரியில் கரட் வெட்டும்போது விரலும் வெட்டு.

மணவறையைத் திருப்பிப் போட வேண்டும். மேற்குப் பார்த்து. மச்சாள் வரமாட்டார். ஐயர் என்ன சொல்வாரோ. வேறு இடம் இல்லை, மேசையில் நான்கு முறை கட்டிப் பார்த்துவிட்டேன். பிள்ளைகள் எமிலியோவைப் பார்த்தே இருக்க வேண்டும். இதில் மாற்றம் இல்லை.

மார்ச் 29, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். பூசை முடிந்து ஐயர் திருநீற்றுத் தட்டை வைக்கும்வரை நின்றேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

“ஐயா, இங்க மண்டபத்தில கலியாணம் செய்யக்குள்ள எது கிழக்கு?”

“அது மண்டபத்திலை சொல்லுவினம் அம்மா. ரோட்டிலை எஸ்த் எண்டு போட்டிருக்கிற பக்கம்.”

போனை எடுத்துத் திசைகாட்டியைக் காட்டினேன். பார்த்தார். போனை வாங்கித் திருப்பிப் பார்த்தார். வாசலுக்குப் போய் வெயில் எங்கே என்று பார்த்துவிட்டு வந்தார். பாவம், நெற்றியில் வேர்வை.

“அப்ப இவ்வளவு காலமும் நீங்க செய்து வச்சது கலியாணம் இல்லையா?”

“அப்பிடிச் சொல்லாதேங்கோ அம்மா. எல்லாரும் பிள்ளை குட்டியோடை நல்லா இருக்கினம்.” கொஞ்சம் யோசித்தார். “ஒரு விதி இருக்கு. சந்நிதி எந்தப் பக்கம் பாத்தாலும், பூசை செய்யிறவருக்கும் பூசிக்கப்படுறவருக்கும் நடுவிலை உள்ள பக்கத்தைத்தான் கிழக்கு எண்டு எடுக்கிறது. ஆனா அது சுவாமிக்கு.”

“கலியாணத்தில தாய் தகப்பனுக்குப் பாதபூசை இருக்குத்தானே ஐயா?”

“ஓம்.”

“மார்த்தீனின் தகப்பன் மேல்மாடியில. பாதத்தைத் தொட ஏலா. களத்தில இருந்தே அவர நோக்கித்தான் பூசை செய்யவேணும். அப்ப பூசிக்கப்படுறவர் ஆர்?”

ஐயர் போனைத் திருப்பித் தந்தார். விதி தாராளமாக இழுபடுகிறது என்று முகத்தில் தெரிந்தது. எனக்கு அது போதும்.

“நீங்கள் முடிவு எடுத்துட்டுத்தான் வந்திருக்கிறியள்,” என்றார்.

“ஓம் ஐயா.”

“சரி அம்மா. அந்த யன்னல் கிழக்கு.”

வீட்டுக்கு வந்து முதல் வேலை மச்சாளுக்குப் போன். கிழக்குப் பார்த்துத்தான், ஐயர் சொல்லிவிட்டார் என்றேன். பொய் இல்லை. மச்சாள், “அங்கை ஏத்தமோ? எனக்கு நல்ல சப்பாத்து வாங்கவேணும்,” என்றார்.

மார்ச் 31, செவ்வாய்

மழை. எமிலியோவிடமிருந்து ஒன்றும் இல்லை. திசை சரியாகிவிட்டது, கொடி இருக்கிறது. இலை நிறைந்த சுவரைப் பார்த்தபடி பிள்ளைகள் இருப்பார்கள். இலைக்குப் பின்னால் அவர்.

கேட்டது பிழை என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. அந்த மனிதரை இரும வைத்ததுதான் வலிக்கிறது. மார்த்தீனிடம், அவர் முடியாது என்றால் விட்டுவிடுங்கள், இலைக்குள்ளால் தெரிகிற அளவு தெரியட்டும் என்று சொல்லி அனுப்பினேன். மணவறை அப்போதும் அவர் பக்கம்தான்.

ஏப்ரல் 2, வியாழன்

வேலைக்கு வெளிக்கிடும்போது போனில் படம். எமிலியோவிடமிருந்து நேரே எனக்கு.

யன்னல். நடுவில் வெறும் கண்ணாடி, துடைத்துப் பளிச்சென்று. கொடியை இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், கலியாண வாசலில் வாழை கட்டியதுபோல. கட்டிய துணி பூப்போட்டது. மார்த்தீனிடம் கேட்டேன், தாயின் ஏப்ரன் என்றார். எமிலியோதான் கட்டிலில் இருந்து நாடா நாடாவாகக் கிழித்தாராம். பக்கத்து வீட்டுக்காரர் ஏணியில் ஏற, எமிலியோ உள்ளேயிருந்து எதை எங்கே கட்டுவது என்று சத்தம் போட்டாராம். மூச்சு வாங்க வாங்க.

எமிலியோவுக்குப் போன் எடுத்தேன். சவரம் செய்யாத முகம். இந்த முறை எனக்காக ஒன்றும் செய்யவில்லை. எனக்கு அது பிடித்தது.

“களம் முழுக்கத் தெரிகிறது,” என்றார். “பிள்ளைகள் எந்தப் பக்கம் பார்த்து இருப்பார்கள்? உங்கள் வழக்கத்தில் ஒரு திசை உண்டாமே, மார்த்தீன் சொன்னான்.”

“உன்னைப் பார்த்து,” என்றேன்.

அவர் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். போன் அவருடைய காதையும் குழாயையும் காட்டிக்கொண்டு இருந்தது. நானும் வைக்கவில்லை. வேலைக்குப் பிந்திவிட்டது.

வாங்க: சம்மந்திக்குக் கறுப்புக் கண்ணாடி, காலை வெயில் நேரே கண்ணில் அடிக்கும். மச்சாளுக்குச் சப்பாத்து. கற்பூரம்.

மார்த்தீன் வரைந்த ஊர்ப் படத்தை எடுத்தேன். களத்தின் மேல் எழுதிய ‘தெற்கு’ என்பதை அழித்தேன். எமிலியோவின் யன்னலின் மேல் ‘கிழக்கு’ என்று எழுதினேன், பேனையால்.